மாக்ரெட் வீட்டுப் பின்கதவு

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து "டீவீ வீடு எது?" என்று கேட்டால் இன்றைக்கும் சின்னப்பிள்ளைகூடக் கையை நீட்டிக் காட்டும். என்னிடம் கேட்டால் மட்டும் நான் காட்ட மாட்டேன். போன வருடம் ஒருத்தி கறுப்புக் கண்ணாடியும் கைப்பையுமாக வந்து கேட்டபோது, அப்படி ஒரு வீடு இங்கே இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். என் வாசலுக்கு நேரெதிரேதான் அந்த வீடு இருக்கிறது. செம்மஞ்சள் பெயின்ற், இவ்வளவு காலத்துக்குப் பிறகும் வெளிறவில்லை. நல்ல பெயின்ற்தான், அதில் குறை சொல்ல முடியாது.

அது மாக்ரெட்டின் வீடு. அவள் பிறந்ததும் அங்கேதான், கிளெமென்றைக் கலியாணம் கட்டிக் குடும்பம் நடத்தியதும் அங்கேதான். கிளெமென்றுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை. பிள்ளைகள் ஏழு. கடைசி இரண்டும் இரட்டை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவர்கள் வந்தால் கோயிலில் உட்காரும் வாங்கு ஒன்று நிரம்பிவிடும். பூசை வைக்கும் சுவாமிகூட, "கிளெமென்ற், உனக்காகப் புது வாங்கு செய்விக்க வேணும்போல இருக்கு" என்று பகிடி விடுவார். கிளெமென்ற் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். மாக்ரெட் சிரிப்பதும் குறைவு, கதைப்பதும் குறைவு. புறக்கோட்டையில் ஒரு கடைக்குச் சேர்ட்டுக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பாள். எப்போது பார்த்தாலும் பல்லிடுக்கில் ஒரு நூல் இருக்கும். யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாத பிறவி. சீனி முடிந்தாலும் என்னிடம் வந்து நின்று காலநிலையைப் பற்றித்தான் கதைப்பாள். நானாக விளங்கிக்கொண்டு சீனிப் போத்தலை எடுக்க வேண்டும்.

வீடு என்று சொல்ல அங்கே முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, குசினி ஒன்று. மழை பெய்தால் உள்ளறையில் சட்டி பானையெல்லாம் பரப்பி வைப்பார்கள். பிள்ளைகள் முன்னறையில் பாயை விரித்துக் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்திருப்பார்கள். யாருடைய கால், யாருடைய கை என்று பிரித்துச் சொல்ல முடியாது. குசினிக்குப் பின்னால் ஒரு பழைய மரக்கதவு. அதைத் திறந்தால் நாற்றம் பிடித்த ஒரு கழிவுநீர்க் கான். கானுக்குக் குறுக்கே ஒரு பலகை. பலகையைத் தாண்டினால் பஹ்மியாவின் குசினி வாசல்.

பஹ்மியாவின் புருஷன் ஷரீப் மன்னாரில் பிறந்தவர். தொண்ணூறில் இயக்கம் வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த துணியோடு கொழும்புக்கு வந்தவர். அவர்களுக்கு ஷபீகா என்று ஒரே மகள். நோன்புக்கு அந்தப் பலகையால் கஞ்சி இந்தப் பக்கம் வரும். நத்தாருக்குக் கேக் அந்தப் பக்கம் போகும். அந்தக் கதவின் பெரிய உபயோகமே அவ்வளவுதான், றெஜினா வரும்வரை.

றெஜினா மாக்ரெட்டின் தமக்கையின் மகள். தமக்கை முல்லைத்தீவுப் பக்கம் கலியாணம் செய்து போனவள். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் ஆள் பிடித்த காலத்தில் றெஜினாவைப் பிடித்துக்கொண்டு போய், தலைமயிரைக் கட்டையாக வெட்டி, பயிற்சிக்குப் போட்டார்கள். சில மாதத்தில் அவள் ஓடி வந்துவிட்டாள். சண்டையால் கொழும்புக்கு வரும் பாதை பூட்டுப்படுவதற்குக் கொஞ்சம் முன்பு தமக்கை அவளைக் கொண்டுவந்து மாக்ரெட்டின் கையில் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகள் அங்கே தனிய என்று அழுதுகொண்டே திரும்பிப் போனாள். றெஜினாவுக்கு அப்போது பதினேழு வயது. சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் பிள்ளை.

வெளியூர்த் தமிழர் யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது. பதியப் போனால் ஊர் எது என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால் மிச்சத்தையும் தோண்டுவார்கள். முழங்கையில் பயிற்சித் தழும்பு, தலையில் கட்டை மயிர். அங்கேயிருந்து தப்பி வந்தவள் என்றால் இங்கே யார் நம்புவார்கள்? இயக்கத்தின் கண்ணுக்குத் தப்பி ஓடியவள், பொலிஸின் கண்ணுக்கு இயக்கக்காரி. ஆகவே பதியவில்லை.

ஆமிக்காரர் ஒழுங்கையை அடைத்து வீடு வீடாகத் தேடும் சுற்றிவளைப்பு வந்தால் செய்ய வேண்டியதை மாக்ரெட் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள். ஒழுங்கை முனையில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் றெஜினா பின்கதவால் போய்ப் பலகையைத் தாண்டி, பஹ்மியா வீட்டுக் குசினியில் ஷபீகாவின் முக்காட்டைப் போட்டுக்கொண்டு தேங்காய் துருவ உட்கார்ந்துவிடுவாள். முஸ்லிம் வீட்டுக் குசினியை அவர்கள் எட்டிப் பார்ப்பதோடு சரி. அவள் படுத்த பாய் சூடாக இருக்கும் என்பதால் அந்த இடத்துக்கு ஒரு பிள்ளையை உருட்டிவிடுவாள் மாக்ரெட். பல தடவை இப்படித் தப்பினார்கள். இதற்கு ஷரீப் எப்படிச் சம்மதித்தார் என்று நான் பஹ்மியாவிடமே கேட்டேன்.

"அவங்க எங்கள வெரட்டினது உண்மதானே, டோரின்" என்றாள் பஹ்மியா. "அதுக்கு இந்தப் புள்ள என்ன செய்ய? இதயும் அவங்க இழுத்துட்டுத்தானே போயிருக்காங்க."

பெரிய மனது என்று சொல்லிவிட்டுப் போகலாம். பெரிய மனதோடு பெரிய பயமும் அந்த வீட்டில் இருந்தது. சுற்றிவளைப்பு முடியும்வரை ஷரீப் கையில் தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டே இருக்குமாம். கொஞ்ச நேரம் குசினியில் இருப்பது வேறு, குடியிருப்பது வேறு. ஷரீப்புக்கு ஒரே மகள் என்பது அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அதனால் றெஜினா எப்போதும் திரும்பி வந்துதான் ஆக வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் டீவீக்காரர் வந்தார்கள். ஏழைக் குடும்பம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அவர்களை ஒரு கிழமைக்கு ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு, வீட்டைப் புதுசாக்கிக் காட்டும் சிங்கள நிகழ்ச்சி. கிளெமென்றோடு வேலை செய்தவனின் மச்சான் அந்தச் சனலில் இருந்தான். இந்த முறை ஒரு தமிழ்க் குடும்பமாக இருந்தால் நாட்டுக்கு நல்லது, பிள்ளைகளும் நிறைய இருந்தால் பார்க்க வடிவு என்று அவர்கள் தேடியிருக்கிறார்கள். கிளெமென்ற் தலைகால் தெரியாமல் ஓம் சொல்லிவிட்டான். வீட்டில் எதையும் மாற்றலாம் என்று கையெழுத்தும் வைத்துவிட்டு வந்துதான் மனைவியிடம் சொன்னான். ஒழுகுகிற கூரைக்குக் கீழே ஏழு பிள்ளைகளை வளர்க்கிற தகப்பனை நான் என்ன சொல்ல? ஆனாலும் அன்றைக்கு அவனைக் கண்டபடி ஏசினேன்.

வீட்டைப் பார்க்க வந்த நாள் றெஜினா பஹ்மியா வீட்டில் இருந்தாள். ஒழுங்கை முழுவதும் மாக்ரெட்டின் வாசலில் நின்றது, நானும் நின்றேன். வீட்டை வடிவமைக்கிறவன் அயேஷ் என்று ஒரு இளம் பொடியன். கெட்டவன் என்றால் எனக்கு இந்தக் கதை சொல்ல லேசாக இருந்திருக்கும். அவன் நல்லவன். இரட்டைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். ஒவ்வொரு பிள்ளையிடமும் என்ன வேண்டும் என்று கேட்டான். பிறகு குசினிக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தான். கானிலிருந்து நுளம்பு எழும்பி வந்தது. ஊரெல்லாம் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவியிருந்த நேரம் அது.

"இந்தக் கதவு எதுக்கு அக்கே? பிள்ளைகளுக்கு வருத்தம் வரும்" என்று சிங்களத்தில் கேட்டான். மாக்ரெட்டுக்குச் சிங்களம் தமிழைப் போலத்தான், தம்பி என்பதற்கு மல்லி என்றுதான் கூப்பிட்டாள்.

"புகை போறதுக்கு, மல்லி."

"புகைக்கு மேல ஒரு ஃபேன் வைக்கிறன்."

"கழிவுத் தண்ணி ஊத்த வேணுமே."

"சிங்க் வைச்சுக் குழாய் இறக்கித் தாறன். இனி நீங்க வாளி தூக்கத் தேவையில்லை."

"பக்கத்து வீட்டுக்குப் போகவர..."

"முன்னால சுத்திப் போகலாம்தானே" என்று சிரித்தான். கமெரா பிடித்தவனும் சிரித்தான். கமெராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மற்ற நாளில் சீனி கேட்கவே வாய் வராதவள், அன்றைக்கு மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். நாலாவது காரணத்தைச் சொன்னால் றெஜினாவின் கதை முடிந்தது. வாசலில் நின்ற கூட்டத்தில் யார் யாருக்குப் போய்ச் சொல்வார்கள் என்று ஆருக்குத் தெரியும்?

அவர்கள் போன பிறகு மாக்ரெட் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "கதவை மட்டும் விடச் சொல்லுங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"கேக்கக் கேக்கத்தான் அவன் ஏன் எண்டு யோசிப்பான்" என்றான் கிளெமென்ற். "பேசாம இரு. வேலைக்கு வாற மேசன்மாரிட்ட நான் தனியாச் சொல்லுறன்."

எங்கள் ஆட்கள் செய்கிற பிழை இதுதான். அந்தக் காலத்தில் வாயை மூடிக்கொண்டிருந்து எத்தனையோ தடவை தப்பியிருந்தோம். அதனால் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து என்று நம்பினோம். கிளெமென்ற் மேசனைக் காணவே இல்லை. குடும்பத்தை வான் வண்டியில் ஏற்றி நீர்கொழும்பு ஹோட்டலுக்குக் கொண்டுபோன பிறகுதான் மேசன்மார் வந்து இறங்கினார்கள். றெஜினா அந்தக் கிழமை முழுக்கப் பஹ்மியாவின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் பஹ்மியா முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. "டோரின், செவர் எழும்புது. கறிவேப்பில வாங்குற பாத, அடைக்க வேணாமெண்டு சொல்லிப் பாத்தன். மேசன் சிரிக்கிறான்."

நான் எழும்பிப் போய் அயேஷைப் பிடித்தேன். நெருப்புக் கிருப்புப் பிடித்தால் ஏழு பிள்ளைகளும் எந்த வழியால் ஓடுவது என்று கேட்டேன். அவன் உண்மையாகவே யோசித்தான். அடுத்த நாள் முன்கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று தொங்கியது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வீடு திறக்கிற நாளில் பிள்ளைகள் போட்ட சத்தம் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். அடுக்குக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் பெயர். ஒழுகாத கூரை. செம்மஞ்சள் சுவர். குசினிப் பக்கம் போனால், கதவு இருந்த இடத்தில் வழுவழுவென்று சுவர். அதை மூடி ஒரு நீளப் படிப்பு மேசை, அதன் முன்னால் ஏழு முக்காலிகள். பிள்ளைகள் அதில் ஏறிக் குந்திக்கொண்டு குதித்தார்கள். மாக்ரெட் மேசையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அப்படியே நிலத்தில் குந்தி விக்கி விக்கி அழத் தொடங்கினாள். அறிவிப்பாளப் பெட்டை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இது ஆனந்தக் கண்ணீர் என்று நாட்டுக்கு அறிவித்தாள். நாடும் பார்த்தது. அடுத்த கிழமை ஒளிபரப்பானபோது பிள்ளைகளை உயரப்படி நிறுத்திப் பெயர் சொல்லிக் காட்டினார்கள். ஏழு பேரின் முகமும் பெயரும் இலங்கைக்கே மனப்பாடம்.

றெஜினா முன்வழியால், ஷபீகாவின் முக்காட்டோடு, ஒருவர் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சுவரை உடைத்துவிடு என்று கிளெமென்றிடம் சொன்னேன். ஒரு மாதம் கழித்து டீவீக்காரர் திரும்பி வந்து, குடும்பம் எப்படி இருக்கிறது என்று படம் எடுப்பார்களாம். அதுவரை எதிலும் கைவைக்கக் கூடாதாம்.

"வந்து எடுத்திட்டுப் போகட்டும், டோரின் அக்கா. அடுத்த நாளே அலவாங்கால உடைக்கிறன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அலவாங்கை இரவல் வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தும் விட்டான். அந்த ஒரு மாதம் சுற்றிவளைப்பு வராமல் இருக்க வேண்டும் என்று மாக்ரெட் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் போனாள். நானும் கூடப் போனேன்.

ஒரு ஞாயிறு காலை, பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கையோடு, ஒழுங்கையின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டார்கள். மாக்ரெட் தலையில் பூசைக்குப் போட்ட லேஸைக்கூட எடுத்திருக்கவில்லை. நான் என் கதவைத் திறந்தேன், றெஜினாவை இங்கே இழுத்து விடலாம் என்று. இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு சிப்பாய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சுவருக்கு அந்தப் பக்கம், பலகையில் நின்றுகொண்டு, பஹ்மியா கையால் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தாளாம். கதவு இல்லை என்று தெரியும், ஆனாலும் தட்டினேன் என்று பிறகு சொல்லி அழுதாள்.

அதிகாரி சிரித்த முகத்தோடுதான் வந்தான். அவனும் வீட்டாரோடு இருந்து அந்த நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறான். "ஆ, இதுதானே அந்த வீடு" என்று சப்பாத்தை வாசலில் துடைத்துவிட்டு உள்ளே போனான். இரட்டைகள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தங்கள் கட்டிலைக் காட்டின. அவன் பெயர்களை வாசித்து, ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துத் தலையாட்டினான். மாக்ரெட் தன் லேஸால் றெஜினாவின் தலையை மூடி, அவளைப் படிப்பு மேசையில் மற்றப் பிள்ளைகளோடு இருத்தி, முன்னால் ஒரு கொப்பியை விரித்து வைத்திருந்தாள். இரட்டைகளும் ஓடிவந்து ஏறிக்கொண்டன, முக்காலி ஏழுதான். மூன்றாவது பிள்ளை நின்றுகொண்டிருந்தது.

"இது யார்? டீவீயில காணேல்லையே" என்றான் அதிகாரி.

"அக்காவின்ர மகள், சேர்."

"எந்த ஊர்?"

மாக்ரெட் கொப்பியின் பக்கத்தைப் புரட்டினாள். றெஜினாவின் தலையிலிருந்த லேஸை எடுக்கச் சொன்னான். மயிர் கழுத்தளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. அவன் சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. விசாரித்துவிட்டுப் பின்னேரம் விட்டுவிடுவோம் என்றான். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாக்ரெட் றெஜினாவின் கையை விடாமல் ஜீப் வரைக்கும் நடந்தாள். பிள்ளை அழவில்லை. ஏறும்போது திரும்பி, "சித்தி, என்ர சட்டை காயப்போட்டிருக்கு. மழை வந்தா எடுங்கோ" என்றாள். அன்றைக்கு மழை வரவில்லை. மாக்ரெட் அந்தச் சட்டையை எத்தனையோ நாள் கொடியிலேயே விட்டு வைத்திருந்தாள்.

பின்னேரம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பொலிஸ் நிலையங்களுக்கும் சிறைச்சாலை வாசலுக்கும் நானும் அவளோடு அலைந்தேன். மறைத்து வைத்திருந்ததற்காக அவளிடமும் விசாரித்து எழுதி எடுத்தார்கள். ஆனால் றெஜினா எங்கே என்று கேட்டால், அப்படி ஒருவர் தங்களிடம் இல்லை என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். கிளெமென்ற் அலவாங்கைத் தொடாமல் வேலைக்குப் போய் வந்தான். தமக்கையிடமிருந்து ஒருதரம் டெலிபோன் வந்தது. அங்கே ஷெல் விழுகிறது, தன் மூத்தவனையும் இயக்கம் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டு, "அவளாவது உன்னோட இருக்கிறாள், அது காணும்" என்றாளாம். மாக்ரெட் "ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். வைத்த இடத்திலேயே சரிந்து விழுந்தாள். அந்தத் தமக்கையின் குரலை அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மாதம் முடிய, சொன்னபடி டீவீக்காரர் வந்தார்கள். பெரிய கேக் ஒன்றும் பிள்ளைகளுக்குப் புத்தகப் பைகளும் கொண்டுவந்தார்கள். அறிவிப்பாளப் பெட்டை மாக்ரெட்டைப் படிப்பு மேசைக்கு முன்னால் நிறுத்தி, புது வீட்டில் வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்று கேட்டாள்.

மாக்ரெட் அவளைப் பார்க்கவில்லை. கமெராவுக்குப் பக்கத்தில் நின்ற அயேஷைப் பார்த்தாள். "மல்லி, இந்தக் கதவு எதுக்கு எண்டு அண்டைக்குக் கேட்டனீங்கள். அண்டைக்குச் சொல்ல ஏலாமப் போச்சு. இண்டைக்குச் சொல்லலாம்" என்றாள். சொன்னாள். றெஜினா யார், எங்கிருந்து ஓடி வந்தாள், ஒவ்வொரு தடவையும் எந்த வழியால் போனாள், அன்றைக்கு ஏன் போக முடியவில்லை, எல்லாம். பஹ்மியாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. வாழ்நாளில் அவள் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. பெட்டையின் சிரிப்பு உறைந்துபோய்விட்டது. நிறுத்து என்று கமெராக்காரனுக்குக் கைகாட்டினாள்.

"நிப்பாட்ட வேண்டாம்" என்றாள் மாக்ரெட். "அழுததை எடுத்தனீங்கள்தானே. இதையும் எடுங்கோ."

அயேஷ் முக்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டான். "எனக்குத் தனியாச் சொல்லியிருக்கலாமே அக்கே" என்றான்.

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பீங்கள்?"

பொய் சொல்லத் தெரியாத பொடியன், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். "தெரியாது அக்கே" என்றான்.

"எனக்கும் தெரியாது. அதுதான் சொல்லேல்லை."

பிறகு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கே ஆளை அனுப்பிச் சுவரை உடைத்துக் கதவைத் திரும்ப வைத்துத் தருகிறேன் என்றான்.

மாக்ரெட் மேசையைப் பார்த்தாள். இரட்டைகள் புதுப் பைகளுக்குள் கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தன.

"வேண்டாம் மல்லி" என்றாள். "பிள்ளைகள் படிக்கட்டும். இனி அதால ஓடுறதுக்கு இந்த வீட்டில ஆள் இல்லை."